உணவுக்குழாய் ஆபரேஷனுக்குப் பின் கீமோ: யாருக்கு, எப்போது, எந்த எடைக்கு? (வேலூர் பக்கம்)

வாலாஜா_வாசகன்:

சுற்றி வளைக்காமல் ரிப்போர்ட்டையே போட்டுவிடுகிறேன். 62 வயது ஆண். நடு உணவுக்குழாயில் ஸ்குவாமஸ் செல் வகைக் கட்டி (உள் படலத்தின் தட்டைச் செல்லில் தொடங்கும் புற்று). முதலில் 23 நாள் கதிர்வீச்சு, மொத்தம் 41.4 கிரே, அதோடு வாரம் ஒன்றாக 5 முறை பாக்லிடாக்ஸெல், கார்போபிளாட்டின் கீமோ. அடுத்து ஆபரேஷன். இரைப்பையைக் குழாயாக்கி மேலே இழுத்துக் கழுத்தில் தைத்திருக்கிறார்கள். எடுத்த சதையின் ரிப்போர்ட்: ஒய்பிடி2 (முன்சிகிச்சைக்குப் பிறகும் கட்டி தசை அடுக்கு வரை மிச்சம்), ஒய்பிஎன்1 (நெறிக்கட்டியிலும் மிச்சம்). 22 நெறிக்கட்டியில் ஒன்றில் நோய். ஆர்0 (வெட்டிய ஓரத்தில் நோய் இல்லை). உயரம் 162 செ.மீ., எடை ஆபரேஷனுக்கு முன் 60 கிலோ, இப்போது 48. குடலில் போட்ட ஃபீடிங் ட்யூப் இன்னும் இருக்கிறது. ஆபரேஷன் ஆகி 6 வாரம்.

ஒரு டாக்டர் சிஸ்பிளாட்டின், 5-எஃப்யூ கீமோ 2 சைக்கிள் (சுற்று) போடலாம் என்கிறார். இன்னொருவர் எதுவும் வேண்டாம், ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே போவோம் என்கிறார். மூன்றாமவர் நிவோலுமாப் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசி) ஒரு வருஷம் என்கிறார். மூவரும் விவரம் தெரிந்தவர்கள்தான். பிறகு ஏன் மூன்று பதில்?

முள்ளுக்கத்திரி:

மூவரும் மூன்று வெவ்வேறு ஆய்வை மனதில் வைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

சிஸ்பிளாட்டின், 5-எஃப்யூ என்பது ஜப்பான்காரர்கள் காட்டிய வழி. ஸ்குவாமஸ் நோயாளிகளுக்கு முதலில் ஆபரேஷன், பிறகு சிஸ்பிளாட்டின் சதுர மீட்டருக்கு 80 மி.கி. முதல் நாள், 5-எஃப்யூ 800 மி.கி. வீதம் 5 நாள் விடாமல் சொட்டு, 3 வார இடைவெளியில் 2 சைக்கிள். 2003-ல் வந்தது. 5 வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 45-லிருந்து 55 சதவீதமானார்கள். ஆனால் உயிரோடு இருந்தவர்கள் எண்ணிக்கையில் உறுதியான வித்தியாசம் வரவில்லை. பிறகு அவர்களே இதே மருந்தை ஆபரேஷனுக்கு முன்னால் கொடுத்தால் என்ன என்று பார்த்தார்கள்: முன்னால் கொடுத்ததில் 5 வருஷ ஆயுள் 55 சதவீதம், பின்னால் கொடுத்ததில் 43. அதோடு ஜப்பானிலேயே பின்னால் கொடுக்கும் பழக்கம் மாறி, முன்னால் கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

கவனிக்க வேண்டியது, அந்த 2 ஆய்விலும் யாருக்கும் முன்கூட்டிக் கதிர்வீச்சு கொடுக்கவில்லை. உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது கிராஸ் முறை, 2012-ல் நெதர்லாந்திலிருந்து வந்தது. அதில் ஆபரேஷனுக்குப் பின் கீமோ என்பதே கிடையாது. அதனால் இரண்டாவது டாக்டர் "பார்த்துக்கொண்டு போவோம்" என்பது சோம்பேறித்தனம் இல்லை, அந்த முறையின் எழுத்துப்படி சரி.

மூன்றாமவர் சொல்வது 2021-ல் வந்த ஆய்வு. கீமோவும் கதிர்வீச்சும் முடித்து, ஆர்0 ஆபரேஷனும் முடித்து, எடுத்த சதையிலோ நெறிக்கட்டியிலோ நோய் மிச்சம் இருந்தவர்களுக்கு மட்டும் நிவோலுமாப். 240 மி.கி. 2 வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம், பிறகு 480 மி.கி. 4 வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஒரு வருஷம் வரை. நோய் திரும்பாத காலத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேர் தாண்டிய காலம்) 11 மாதத்திலிருந்து 22.4 மாதமானது. ஸ்குவாமஸ் வகையில் மட்டும் எடுத்தால் 29.7 மாதம். ஆனால் மொத்த ஆயுளில் கிடைத்த வித்தியாசம் புள்ளியியல் கோட்டைத் தாண்டவில்லை. விலையைக் கேட்டுத் திகைப்பவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

உங்கள் ரிப்போர்ட்டுக்குப் பொருந்துவது மூன்றாவது. கைக்கு எட்டாவிட்டால் இரண்டாவது. முதலாவதற்கு இந்த நிலையில் ஆதாரம் மெலிது. 48 கிலோ உடம்பில் சிஸ்பிளாட்டின் போட்டு வாங்கும் அடி மட்டும் நிச்சயம்.

கத்திரிக்கோல்:

கடைசி வரியில் பாதிக்குத்தான் உடன்பாடு. நெறிக்கட்டியில் நோய் மிச்சம் என்றால் கதிர்வீச்சுப் புலத்துக்கு வெளியே விதை விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். நிவோலுமாப் வாங்க முடியாத வீட்டில் "ஒன்றும் வேண்டாம்" என்று அனுப்ப எல்லா ட்யூமர் போர்டும் (பல துறை டாக்டர்கள் கூடி முடிவெடுக்கும் குழு) ஒத்துக்கொள்வதில்லை. நோயாளி எழுந்து நடந்து, வாயால் சாப்பிட்டு, எடை ஏறிக்கொண்டிருந்தால் கீமோவைப் பேச்சுக்காவது எடுக்கலாம். எடை இறங்கிக்கொண்டிருந்தால் பேச்சே கிடையாது.

இதைவிட முக்கியம், ரிப்போர்ட்டில் 4 விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை நெறிக்கட்டி எடுத்தார்கள் (15-க்குக் குறைந்தால் என்0, அதாவது நெறிக்கட்டியில் நோய் இல்லை, என்று எழுதியிருந்தாலும் முழுதாக நம்ப முடியாது, உங்களுக்கு 22, நல்லது). சுற்றளவு ஓரம் (கட்டிக்கும் வெட்டிய வெளி ஓரத்துக்கும் உள்ள தூரம்) எத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணாக எழுதியிருக்கிறதா. நரம்பு, ரத்தக் குழாய் ஊடுருவல். கட்டி எவ்வளவு கரைந்தது என்ற கிரேடு. ஆர்1 (வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சம்) என்று வந்திருந்தால் கதை வேறு: முன்பு கதிர்வீச்சு வாங்காதவருக்கு அப்போது கீமோவோடு கதிர்வீச்சு, ஏற்கெனவே வாங்கியவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும்.

முள்ளுக்கத்திரி:

ஒப்புக்கொள்கிறேன், "மெலிது" என்றேன், "இல்லை" என்று சொல்லவில்லை. நேர்மாறான நிலையையும் எழுதிவிடுகிறேன்: முன்னால் எதுவுமே கொடுக்காமல் நேராக ஆபரேஷன், பிறகு பார்த்தால் நெறிக்கட்டியில் நோய். வெளியூரில் அவசரமாக ஆபரேஷன் முடித்துவிட்டு இங்கே ஃபைலோடு வருகிறவர்களிடம் இது நிறைய. அங்கே சிஸ்பிளாட்டின், 5-எஃப்யூவுக்கு நியாயம் உண்டு, ஜப்பான் ஆய்வு செய்யப்பட்டதே அவர்களிடம்தான்.

இன்னொன்று: சதையில் நோயே இல்லை, ஒய்பிடி0 என்0 என்று வந்தால் எதுவும் போட வேண்டாம். கிராஸ் முறையில் ஸ்குவாமஸ் நோயாளிகளில் 49 சதவீதம் பேருக்கு அப்படிக் கரைந்தது. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பாதுகாப்புக்கு 2 டோஸ்" என்று கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்லத்தான் நேரம் ஆகிறது.

குடியாத்தம்_தறி:

எங்க கேஸ் இரைப்பையும் உணவுக்குழாயும் சேர்ற இடம், அடினோ வகை (சுரப்பிச் செல்லுல தொடங்குறது). ஃபிளாட் கீமோ (நாலு மருந்து சேர்ந்தது) 4 முடிச்சு ஆபரேஷன் ஆச்சு. மீதி 4 போடணுமாம். ஆளு ரொம்ப இளைச்சுட்டாரு. அந்த 4 கண்டிப்பா வேணுமா சார்?

முள்ளுக்கத்திரி:

தம்பி, உங்கள் கேஸில் பின்னால் வரும் 4 என்பது புதுச் சிகிச்சை அல்ல, ஒரே சிகிச்சையின் இரண்டாம் பாதி. 2019-ல் வந்த ஃபிளாட் ஆய்வு அப்படித்தான் வகுக்கப்பட்டது: 2 வாரத்துக்கு ஒன்றாக முன்னால் 4, பின்னால் 4. அடினோ வகைக்கு ஃபிளாட்டையும் கிராஸையும் நேருக்கு நேர் நிறுத்திய ஜெர்மன் ஆய்வில் இடைநிலை ஆயுள் 66 மாதத்துக்கு 37 என்று ஃபிளாட் ஜெயித்தது. ஆனால் உங்கள் கவலைக்கும் பதில் அதே ஃபிளாட் ஆய்வில் உண்டு: 8-ஐயும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. முடிக்க முடியாமல் போவது குற்றமில்லை. போட முடிகிற அளவு போடுவது, டோஸைக் குறைத்துப் போடுவது, டோசிடாக்ஸெலை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் போடுவது எல்லாமே நடைமுறையில் உண்டு.

சத்துவாச்சாரி_மருந்தாளர்:

டோஸ் பேச்சு வந்ததால் இடையில் வருகிறேன். ஆபரேஷனுக்குப் பிந்திய கீமோவில் நடக்கும் தவறுகளில் பாதி கணக்குத் தவறு. பழைய சார்ட்டை எடுத்து அதே மில்லிகிராமை ரிப்பீட் எழுதுவது.

வாலாஜாக்காரர் கொடுத்த எண்களையே வைத்துக்கொள்வோம். உயரத்தை எடையால் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உடல் பரப்பு. 60 கிலோவில் 1.64 சதுர மீட்டர். 48 கிலோவில் 1.47. சிஸ்பிளாட்டின் 80 வீதம் என்றால் பழைய எடைக்கு 131 மி.கி., இப்போதைய எடைக்கு 118. 5-எஃப்யூ ஒரு நாளைக்கு 1,312-க்கும் 1,176-க்கும் உள்ள வித்தியாசம். 5 நாளில் 680 மி.கி. கூடுதலாகப் போயிருக்கும். வாய்ப்புண்ணும் பேதியும் வர அது போதும். எடை 10 சதவீதம் மாறினாலே மறுபடி கணக்குப் போட வேண்டும். பல இடத்தில் 5 சதவீதத்துக்கே போடுகிறார்கள். இங்கே மாறியிருப்பது 20.

கார்போபிளாட்டினில் வேறு ஒரு பொறி இருக்கிறது. அதன் டோஸ் எடையை நேராகப் பார்ப்பதில்லை, சிறுநீரக வடிகட்டலைப் பார்க்கிறது: டாக்டர் குறிக்கும் இலக்கு எண்ணை (ரத்தத்தில் மருந்து எவ்வளவு சேர வேண்டும் என்பது), வடிகட்டல் கூட்டல் 25 என்பதால் பெருக்க வேண்டும். வடிகட்டலை கிரியாட்டினினிலிருந்து (தசையில் உண்டாகி, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) கணக்கிடுவோம். தசை கரைந்தவருக்கு கிரியாட்டினின் 0.6 என்று அழகாக வரும். சிறுநீரகம் பிரமாதம் என்று அர்த்தமில்லை, கிரியாட்டினினைத் தயாரிக்கத் தசை இல்லை. 62 வயது, 48 கிலோ, 0.6 என்று போட்டால் வடிகட்டல் 87 வரும். 0.8 என்பதைக் கீழ்வரம்பாக வைத்தால் 65. இலக்கு 2 என்றால் முதல் கணக்கில் 223 மி.கி., இரண்டாவதில் 180. ரத்தத் தட்டு இறங்குவதும் இறங்காததும் இந்த 43 மி.கி.யில் இருக்கலாம்.

சிஸ்பிளாட்டினுக்கும் இதே கிரியாட்டினின் ஏமாற்று உண்டு. வடிகட்டல் 60-க்கு மேல் இருந்தால் தைரியமாகப் போடலாம், 50-க்குக் கீழ் என்றால் வேறு மருந்து தேட வேண்டும். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் அந்த 0.6 பேப்பர் ஆபத்து.

இங்கே எழுதும் எண்கள் டே கேரில் (பகலில் வந்து கீமோ போட்டுக்கொண்டு போகும் பிரிவு) கேள்வி கேட்பதற்கு. வீட்டில் மருந்து அளக்க அல்ல.

வார்டு_விளக்கு:

சிஸ்பிளாட்டின் நாள் எப்படிப் போக வேண்டும் என்று எழுதுகிறேன், கூட இருப்பவர் கவனிக்க வசதியாக இருக்கும்.

மருந்துக்கு முன் ஒரு லிட்டர் நார்மல் சலைன், அதில் பொட்டாசியம் குளோரைடு 20 மில்லி ஈக்விவலன்ட் (நம் ஊர் ஆம்ப்யூலில் 10 மி.லி. ஒன்று), மெக்னீசியம் சல்பேட் 1 கிராம் (2 மி.லி. ஆம்ப்யூல் ஒன்று). 2 மணி நேரம். மருந்து சலைனில்தான் போக வேண்டும். டெக்ஸ்ட்ரோஸில் மட்டும் கலந்தால் குளோரைடு இல்லாமல் சிஸ்பிளாட்டின் நிலைக்காது. முடிந்தபின் இன்னொரு லிட்டர் அதே கலவை. மணிக்கு 100 மி.லி. சிறுநீர் போகிறதா என்று அளக்க வேண்டும். "போனாருங்க சிஸ்டர், ரெண்டு தடவை" என்பது அளவு ஆகாது, அளவுக் குடுவையில் பிடியுங்கள்.

சித்திரை, வைகாசியில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். மருந்து வாங்கிய மறுநாள் மத்தியான வெயிலில் பஸ் ஏறி ஊருக்குப் போய், வழியில் தண்ணீர் குடிக்காமல், இறங்கும்போது வாந்தி. 3-வது நாள் கிரியாட்டினின் 2. இது சிறுநீரகத்தில் முன்பே கோளாறு இருந்ததால் வருவது அல்ல, தண்ணீர்ப் பற்றாக்குறை. ஃபீடிங் ட்யூப் இருப்பவருக்கு வசதி: வாயால் குடிக்க முடியாவிட்டாலும் ட்யூபில் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு நாளைக்கு 2 லிட்டர் வரை மெதுவாக ஏற்றலாம்.

காதில் இரைச்சல் வந்தால் அடுத்த சைக்கிளுக்கு முன் சொல்லிவிடுங்கள். முதல் டோஸுக்கு முன் ஆடியோகிராம் எடுத்திருந்தால் ஒப்பிட முடியும்.

குடியாத்தம்_தறி:

சிஸ்டர், வாந்திக்கு மாத்திரை குடுத்தும் படுத்தா உடனே மேல வருது. கீமோவாலயா?

வார்டு_விளக்கு:

படுத்தவுடன், குமட்டல் இல்லாமல், புளித்த நீரோ மஞ்சள் நீரோ தொண்டைக்கு வந்தால் அது எதுக்களிப்பு. இரைப்பைக்கு மேல் இருந்த வால்வையே எடுத்தாயிற்று, தடுக்க ஒன்றும் இல்லை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள். தலையணை அடுக்கினால் கழுத்துதான் மடியும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இடைவெளி. இந்தப் புளித்த நீர் தூக்கத்தில் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. ரத்த அணு இறங்கியிருக்கும் வாரத்தில் அது வந்தால் பிழைப்பது கஷ்டம்.

குமட்டலோடு, உட்கார்ந்திருந்தாலும் வருவது கீமோ வாந்தி. சிஸ்பிளாட்டினுக்கு நாலு மருந்து சேர்ந்தால்தான் பிடிக்கும்: அப்ரிபிட்டன்ட், பாலோனோசெட்ரான் அல்லது ஆன்டன்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், இரவில் ஓலன்சபின். ஓலன்சபினைப் பேரைப் பார்த்து "மனநோய் மாத்திரை" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வாந்தியை நிறுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தூக்கம் வரும், ஆகவே இரவில். அது ஓடும்போது மெட்டோகுளோப்ரமைடைச் சேர்க்கக் கூடாது. இரண்டும் ஒரே இடத்தை அடைப்பவை, கை கால் இறுகும். உள்ளூர் கிளினிக்கில் வாந்தி என்று சொன்னால் முதலில் போடும் ஊசி அதுதான், அதனால் மருந்துச் சீட்டைக் காட்டிவிட்டு ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

சத்துவாச்சாரி_மருந்தாளர்:

ஃபிளாட்டுக்கு சில சேர்க்கை. வரிசை, எல்லாம் சதுர மீட்டருக்கு மி.கி. கணக்கில்: டோசிடாக்ஸெல் 50, ஆக்ஸாலிபிளாட்டின் 85, லியூகோவோரின் 200, கடைசியில் 5-எஃப்யூ 2,600 மி.கி. 24 மணி நேரம். ஆக்ஸாலிபிளாட்டின் டெக்ஸ்ட்ரோஸில் மட்டும். சிஸ்பிளாட்டினுக்கு நேர் எதிர், பெயர் ஒலி ஒன்றாக இருப்பதால் புதிய கைகள் குழம்பும் இடம். 5-எஃப்யூ காரத்தன்மை உள்ளது. ஒரே லைனில் ஆக்ஸாலிபிளாட்டினைத் தொட்டால் அது சிதையும். இடையில் டெக்ஸ்ட்ரோஸ் விட்டுக் கழுவ வேண்டும்.

5-எஃப்யூவைச் சின்ன பலூன் பம்பில் நிரப்பி வீட்டுக்கு அனுப்புவார்கள். 1.47 சதுர மீட்டருக்கு 3,822 மி.கி., அதாவது 76 மி.லி. மருந்து. மணிக்கு 5 மி.லி. ஓடும் பம்ப் என்றால் சலைன் 44 மி.லி. சேர்த்து 120 ஆக்க வேண்டும். பம்பின் வேகத்தையும் நிரப்பிய அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் பம்பின் மேல் ஒட்டிய தாளில் இருக்கும். பல பம்புகளில் வேகம் கட்டுப்படுத்தும் சின்ன முனை தோலோடு ஒட்டியிருக்க வேண்டும், தோல் சூட்டுக்குத்தான் அளவு வைத்திருக்கிறார்கள். பம்பை வெயில் படும் இடத்தில், தகர ஷீட் கூரைக்கு அடியில் ஆணியில் மாட்டினால் மருந்து மெலிந்து வேகமாக ஓடும். ஏசி காற்றில் வைத்தால் மெதுவாகும். இடுப்புப் பையில், சட்டைக்கு உள்ளே. 24 மணி நேரத்துக்கு வெகு முன்பே பலூன் சுருங்கிவிட்டால் டே கேருக்கு ஃபோன்.

5-எஃப்யூ ஓடும்போது நெஞ்சுவலி வந்தால் பம்பின் கிளாம்பை மூடிவிட்டு ஈசிஜி. இதய ரத்தக் குழாய் சுருங்குவதால் வருவது. இந்த நோயாளிகளிடம் "ஆபரேஷன் பண்ண நெஞ்சு, எரியத்தான் செய்யும்" என்று ஒதுக்கிவிடுவது வழக்கம், அங்கேதான் தப்பு நடக்கிறது.

வாலாஜா_வாசகன்:

ஊசியே வேண்டாம், கேப்சைடபின் மாத்திரையாகப் போட்டால் என்ன? அலைச்சல் மிச்சம்.

சத்துவாச்சாரி_மருந்தாளர்:

500 மி.கி. மாத்திரை நீளமானது. காலை 3, மாலை 2 என்று வரும். தையல் சுருங்கியிருந்தால் அங்கேயே உட்கார்ந்து கரைந்து புண்ணாக்கும். வீட்டில் உரலில் இடித்து ட்யூபில் விடுவதையும் பார்க்கிறேன். தூள் காற்றில் பறந்து இடிப்பவர் மூக்கில் போகிறது, ட்யூபும் அடைபடுகிறது. சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய மருந்து. ஒரு வேளை அரை இட்லி சாப்பிடுபவருக்கு அந்த "சாப்பிட்ட பிறகு" என்பது எப்போது? வார்ஃபரின் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதன் வேகம் கூடி ரத்தம் உறையாமல் போகும், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கத்திரிக்கோல்:

தையல் சுருக்கம் பற்றி. ஆபரேஷன் முடிந்து 1 முதல் 3 மாதத்துக்குள் விழுங்குவது மறுபடி கஷ்டமானால் பெரும்பாலும் தழும்புச் சுருக்கம்தான். நோய் திரும்பிவிட்டது என்று பதற வேண்டாம். எண்டோஸ்கோப்பியில் பலூன் விட்டு விரிப்பார்கள், பல முறை தேவைப்படலாம். முதலில் கசிவு வந்து ஆறியவர்களுக்கு இது அதிகம். கீமோ நடுவில் வந்தால் அணு இறங்கியிருக்கும் 7 முதல் 14-ம் நாளில் விரிக்கக் கூடாது. அடுத்த சைக்கிளுக்கு 2, 3 நாள் முன்பு, ரத்தத் தட்டு எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது.

கீமோ ஆரம்பிக்கும் நேரம்: 6 முதல் 8 வாரம். கசிவு முழுதாக அடைந்திருக்க வேண்டும், நெஞ்சில் சீழ் இருக்கக் கூடாது. 12 வாரம் தாண்டினால் பலன் குறையும் என்று பலரும் தயங்குவார்கள். நிவோலுமாப் ஆய்வில் 4-லிருந்து 16 வாரம் வரை அனுமதி இருந்தது, அதனால் உங்களுக்கு அவசரம் இல்லை. எடை ஏற 4 வாரம் எடுத்துக்கொள்ளலாம்.

குரல் கரகரப்பு, தண்ணீர் குடித்தால் இருமல் இருந்தால் குரல்நாண் நரம்பு அடிபட்டிருக்கும். கீமோவுக்கு முன் இஎன்டி பார்த்துவிடுங்கள்.

கஞ்சிக்கரண்டி:

எல்லோரும் எடை ஏற வேண்டும் என்கிறீர்கள், எப்படி என்று யாரும் எழுதக் காணோம்.

48 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1,440 கலோரி, புரதம் 72 கிராம். இந்தக் கணக்கோடு வீட்டில் கொடுப்பதைப் பாருங்கள். ட்யூபில் போகிறது என்பதால் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி வடிகட்டுகிறார்கள். கேழ்வரகு மாவு 40 கிராம் போட்டு ஒரு லிட்டர் என்றால் 130 கலோரி. நாள் முழுக்க ஏற்றினாலும் ஒரு டம்ளர் பாலின் அளவுக்கு வந்து நிற்கும். நோயாளி "நிறைய குடிக்கிறார், ஆனாலும் இளைக்கிறார்" என்பதன் மர்மம் இதுதான். மில்லிக்கு ஒரு கலோரி வரும் ஃபீட் பவுடரை அளவு தவறாமல் கலந்து இரவு 10 மணி நேரம், மணிக்கு 75 மி.லி. ஓடவிட்டால் 750 கலோரி தூக்கத்திலேயே முடிந்துவிடும். பகலில் வாயால் மீதி. முதல் நாளே 75 வேண்டாம்: 25-ல் தொடங்கி நாளுக்கு 25 ஏற்றுங்கள், வயிறு உப்பினால் பழைய வேகத்துக்கு இறக்குங்கள். ட்யூப் குடலில் இருக்கிறது, இரைப்பையில் இல்லை. சிரிஞ்சில் 200 மி.லி.யை ஒரே தள்ளாகத் தள்ளினால் வயிற்றுவலி, வியர்வை, பேதி.

பவுடர் வாங்க முடியாவிட்டால் பால், வேகவைத்து மிக்ஸியில் அடித்த முட்டை வெள்ளை, எண்ணெய், சர்க்கரை குறைத்த சத்துமாவு. நைலான் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். 4 மணி நேரத்துக்கு மேல் தொங்கக் கூடாது; அக்னி நட்சத்திரத்தில் 2. மிச்சத்தைக் கொட்டுங்கள்.

ஒவ்வொரு ஃபீடுக்கு முன்னும் பின்னும் 30 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர். அடைத்தால் 50 மி.லி. சிரிஞ்சில் வெந்நீர் வைத்து மெல்ல இழுத்துத் தள்ளுங்கள். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், ட்யூப் வெடிக்கும். கம்பி, குளிர்பானம் எதுவும் வேண்டாம். ட்யூப் வெளியே வந்துவிட்டால் அதையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள், துளை சில மணி நேரத்தில் சுருங்கிவிடும்.

வாயால் சாப்பிடுவதில் நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் களி. களியை யாரும் மெல்வதில்லை, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதான் வழக்கம். கழுத்துத் தையலில் அப்படியே அடைத்து நிற்கும். கூழாகக் கரைத்துக் கொடுங்கள். பிரியாணிக் கறியும் அப்படித்தான், கைமாவாகச் சமைத்தால் சரி. வேளைக்கு ஒரு கிண்ணம், நாளைக்கு 7 வேளை, தண்ணீர் அரை மணி கழித்து. சாப்பிட்ட 20 நிமிஷத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிடித்துப் பேதி என்றால் அது கீமோ இல்லை; இனிப்பு சட்டென்று குடலில் இறங்கியதன் விளைவு. குளுக்கோஸ் பவுடரும் பனைவெல்லக் காபியும் முதல் குற்றவாளிகள்.

ஆக்ஸாலிபிளாட்டின் போட்ட 5 நாளைக்கு ஐஸ் மோர், ஃப்ரிட்ஜ் தண்ணீர் வேண்டாம். தொண்டையில் மின்சாரம் அடித்த மாதிரி இருக்கும், மூச்சு நின்றுவிட்டதாகப் பயப்படுவார்கள். நுங்கு சாப்பிடலாம், ஐஸில் வைத்தது மட்டும் கூடாது.

வார்டு_விளக்கு:

காய்ச்சல் பற்றி யாரும் எழுதவில்லை. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் ஒரு மணி நேரம் நீடித்தால், அல்லது ஒரு முறை 101-ஐத் தொட்டால், மருத்துவமனை. முதலில் பாராசிட்டமால் போட்டுப் பார்க்கலாம் என்பது கூடாது, சூடு இறங்கும், தொற்று இறங்காது. போனதும் ரத்த அணு, பிளட் கல்ச்சர், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக். இரவு 11 மணிக்குக் காய்ச்சல் வந்தால் காலை முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியோ உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியோ, 108-ல் போங்கள். ஒரு அட்டையில் மருந்தின் பெயர், கடைசி டோஸ் தேதி, "கீமோ நோயாளி" என்று எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். கேஷுவாலிட்டியில் வைரல் காய்ச்சல் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

அணு ஏற்றும் ஊசியை கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். ஊருக்குப் போகும் அவசரத்தில் பம்ப் கழற்றிய கையோடு போடச் சொல்லாதீர்கள்.

முள்ளுக்கத்திரி:

நிவோலுமாப் எடுப்பவர்களுக்கு முடி கொட்டாது, அணு இறங்காது, அதனால் அலட்சியம் வரும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்பையே தாக்கும் மருந்து. தைராய்டு ரத்தப் பரிசோதனை 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை. நாளைக்கு 4 தடவைக்கு மேல் கூடுதலாகப் பேதி என்றால் லோபெரமைடு போட்டு அமுக்காமல் சொல்லுங்கள். புதிய வறட்டு இருமல், மூச்சு வாங்கல் வந்தால் சிடி. கதிர்வீச்சு பட்ட நுரையீரல், எதுக்களிப்பு, காசநோய் மூன்றும் அதே இருமலைத்தான் தரும், சளிப் பரிசோதனை இல்லாமல் ஸ்டீராய்டு ஆரம்பிப்பது நம் ஊரில் ஆபத்து. எந்த மருந்தானாலும் தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி பார்த்திருக்க வேண்டும்.

"20 மி.கி. குறைந்த டோஸ் போட்டால் செலவு குறையுமாமே" என்று கேட்பார்கள். அந்த மும்பை ஆய்வு தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய நிலைக்கு. ஆபரேஷன் முடிந்த உணவுக்குழாய்க்கு அதைப் பொருத்த ஆதாரம் கிடையாது.

கலெக்டர்ஆபீஸ்_கியூ:

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸ் மையம். ஆபரேஷனுக்கு வாங்கிய அனுமதி கீமோவுக்குச் செல்லாது. பயாப்ஸி ரிப்போர்ட்டும் கீமோ திட்டமும் வைத்து மறுபடி முன் அனுமதி வாங்க வேண்டும். முதல் டோஸ் தேதிக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள். பட்டியலில் இல்லாத மருந்தாக இருந்தால் முதல் நாளே காப்பீட்டு மேஜையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காட்பாடி வழியாக ரயிலில் வருபவர்களுக்கு: புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் 3-ம் ஏசியிலும் கட்டணம் முழுத் தள்ளுபடி, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் படிவத்தில் கையெழுத்து, முத்திரை வாங்கிக் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனையும் நமக்குத் தூரமில்லை.

வாலாஜா_வாசகன்:

எல்லோருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை கேட்கப் போவது: சுற்றளவு ஓரம் எத்தனை மி.மீ., டோஸ் 48 கிலோவுக்கா 60-க்கா, கிரியாட்டினின் 0.6-ஐ அப்படியே எடுத்தார்களா, 4 வாரம் ட்யூப் ஃபீட் ஏற்றிவிட்டு முடிவெடுக்கலாமா. எடை போன வாரம் ஒரு இடத்தில் 48, இன்னொரு இடத்தில் 50 காட்டியது. எதை எடுத்துக்கொள்வது?

வார்டு_விளக்கு:

டே கேர் தராசில், செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையில் இருக்கும் ஃபோன், சாவியை எடுத்து வைத்துவிட்டு. காலில் வீக்கம் இருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் அந்த 2 கிலோ தண்ணீர்.